பட்டறையில் மிஞ்சுவதும் பாலர் வகுப்பும்

அச்சகத்துக்கு வரும் டிமைத் தாள் 17½ அங்குல அகலமும் 22½ அங்குல நீளமும் கொண்டது. அதிலிருந்து 8½க்கு 11 என்ற அளவில் நான்கு பக்கங்கள் எடுத்தால் அகலத்தில் அரை அங்குலமும் நீளத்தில் அரை அங்குலமும் மிஞ்சும். ஒரு தாளில் அது பெரிதாகத் தெரியாது. நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி இயந்திரத்தில் கொடுத்து, கத்தி ஒருமுறை இறங்கி ஏறினால், மயிரிழை பிசகாமல் ஒரே அகலத்தில் நூற்றுக்கணக்கான கீலங்கள் கீழே விழும். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, பாடசாலை மலர், பற்றுச்சீட்டுப் புத்தகம், கலண்டர் என எதை அடித்தாலும் இந்தக் கீலம் விழாமல் வேலை முடியாது. பின்னேரம் கூட்டி அள்ளி, சாக்கில் அடைத்து ஒரு மூலையில் வைப்பார்கள். பழைய கடதாசி வாங்குபவர் வந்தால் நிறுத்துக் கொடுப்பார்கள், வராவிட்டால் கொளுத்துவார்கள்.

அதே ஊரில், அதே வீதியில், முன்பள்ளி ஆசிரியை ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறத்தாள்களைப் பரப்பிவைத்துக் கத்தரிக்கோலால் கீலம் வெட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் பிள்ளைகள் கடதாசிப் பாய் பின்னவேண்டும், சங்கிலி கோக்கவேண்டும். தாளைத் தன் கைக்காசில் வாங்கியிருப்பார். வெட்டும் கீலம் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் போகும். அச்சகம் எரிக்கும் அதே பொருளை இவர் காசு கொடுத்து வாங்கி, நித்திரை முழித்துச் செய்கிறார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைகளின் கைப்பணிக்கும் கற்றலுக்கும் வேண்டிய மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சிறுதொழில் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் அது தினமும் விழுகிறது. விழுகிற இடத்தையும் வேண்டுகிற இடத்தையும் இணைக்கத்தான் ஆளில்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மார்ச் மாதத்தில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. கொப்பி விலை பெற்றோரை மிரட்டியது. அப்படியான காலத்தில் முதலில் வெட்டுப்படுவது சித்திரமும் கைப்பணியும்தான். கணக்குக் கொப்பி வாங்காமல் விடமுடியாது. நிறத்தாள் வாங்காமல் விடலாம் என்று வீடு முடிவெடுக்கும். பாடசாலையும் அப்படியே முடிவெடுக்கும்.

தையற்கடையைப் பாருங்கள். அரசாங்கம் 1993 முதல் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்துவருகிறது. புதிய ஆண்டு தொடங்கும் நாட்களில் குடாநாட்டுத் தையல் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, சிறுவர்களின் வெள்ளைச் சேட்டு, நீலக் காற்சட்டை. கழுத்து வளைவு, கைக்குழி, காற்சட்டையின் கவட்டு வளைவு ஆகிய இடங்களில்தான் துணி அதிகம் கழியும். ஆடை வெட்டுவதில் துணியின் நூற்றுக்கு 15 வரை மிச்சமாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கழுத்து வெட்டில் விழும் துண்டு அரைவட்டமாக இருக்கும். கைக்குழியில் விழுவது பிறைபோல வளைந்திருக்கும். வடிவங்களைக் கற்பிக்கக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் துண்டுகளில் இத்தனை வகை இருக்காது. வெள்ளைத் துண்டு நிறந்தீட்ட, ஊசியும் நூலும் பழக, விரற்பாவை செய்ய உதவும்.

தளபாடப் பட்டறையில் மிஞ்சுவது இன்னும் பெறுமதியானது. கதிரைக் கால், கட்டிற் சட்டம், கதவு நிலை என்று அளந்து அறுக்கும்போது மரக்கட்டையின் தலைப்பும் அடியும் விழுகின்றன. அவை பெரும்பாலும் அடுப்புக்குப் போகும். பாலர் கல்வி என்ற துறையைத் தொடக்கிவைத்த ஜெர்மானியர் பிரீட்ரிக் புரோபெல், 1837இல் பாட் பிளாங்கென்பேர்க்கில் தம் பள்ளியை ஆரம்பித்தபோது பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றில் முக்கியமானவை மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை, கட்டை என்பனவே. அடுக்கினால் நிற்கும், ஒன்றை இழுத்தால் விழும், இரண்டு சிறியது சேர்ந்தால் ஒரு பெரியது. பிள்ளை இதைக் கையால் அறிந்த பிறகுதான் பின்னம் என்ற கணக்கு அதற்கு விளங்கும். இன்று அந்தக் கட்டைகள் வண்ணப் பெட்டியில் கடல்கடந்து வந்து கடையில் விலைப்படுகின்றன. ஊர்த் தச்சரின் கட்டைகளுக்கு மணற்தாள் போட்டு முனை மழுக்கினால் அதே வேலையைச் செய்யும். ஒரு மேலதிகப் பாடமும் உண்டு: வேம்பு ஒரு மணம், தேக்கு இன்னொரு மணம், பனை கையில் வைத்தாலே பாரம்.

பனை என்று வந்தால் கொஞ்சம் நின்றுதான் பேசவேண்டும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. அதன் முதல் தலைவராக இருந்த கே. சி. நித்தியானந்தா, பனையைக் கள்ளுக்கும் விறகுக்கும் அப்பால் ஒரு முழுத் தொழிலாக ஆக்கவேண்டும் என்று உழைத்தவர். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்தது. ஓலைவேலை இன்றும் குடாநாட்டுப் பெண்கள் பலரின் வருமானம். கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, குட்டான், தொப்பி, கைப்பை என்று அது விரிகிறது. வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் மிச்சம் எங்கே விழுகிறது என்று தெரியும். சார்வோலையை உலர்த்தி, பதப்படுத்தி, நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்து எடுப்பார்கள். பிறகு ஓலையை ஒரே அகலத்துக்கு வார்வார்கள். நிறம் வேண்டுமென்றால் சாயம் கொதிக்கும் நீரில் தோய்த்து எடுப்பார்கள். பின்னி முடித்ததும் விளிம்பில் நீட்டிநிற்கும் முனைகளை நறுக்கிவிடுவார்கள். ஈர்க்கு விளக்குமாற்றுக்கும் தட்டுக்கும் போகும். விரல் நீளத்தில் விழும் சிவப்பும் பச்சையும் ஊதாவுமான நறுக்குகள் முற்றத்தில் கிடந்து காற்றில் போகும்.

அந்த நறுக்கு ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு ஏற்ற அளவு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னத் தொடங்கும் பிள்ளை ஒற்றை, இரட்டை படிக்கிறது. இரண்டு மேலே, ஒன்று கீழே என்று மாற்றினால் சாய்கோடு விழுவதைக் கண்டு ஏன் என்று கேட்கும். ஓலைக் கிலுகிலுப்பை இந்தத் துண்டுகளிலிருந்து பிறந்ததுதான். உள்ளே நாலு சிறு கல், வெளியே பின்னல், அழும் பிள்ளைக்கு அது போதும். பனங்கொட்டையை மண்ணில் புதைத்துக் கிழங்கு கிண்டிய பிறகு எஞ்சும் ஊமலும் இப்படித்தான். அதைக் காயவைத்து எரித்துக் கரி எடுப்பார்கள். ஆனால் பிளந்த ஊமல் ஒரு சிறு கிண்ணம். மணலும் நீரும் அள்ளி அளக்க, விதை எண்ணிப் போட, மூடி பொருத்திப் பார்க்க உதவும் ஒரு பாத்திரம். பனங்காய் வண்டில் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிய செய்தி அல்ல.

குடாநாட்டில் மிச்சத்திலிருந்து விளையாட்டு பிறந்ததற்கு ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் இல்லை, மண்ணெண்ணெய் துளியாய்க் கிடைத்தது, தாள் அருமையாயிற்று. யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு எரித்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கினார்கள். உரப்பையின் இழையை உருவிப் பட்டம் ஏற்றினார்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பெருமையாகச் சொல்வது இயல்பு. என்றாலும் அது பிள்ளைகள் தேர்ந்தெடுத்த வாழ்க்கை அல்ல. இல்லாமையால் வந்த வழி அது. இன்று வேண்டியது வேறு: வறுமைக்குச் சமாதானமாக அல்லாமல், நல்ல பொருள் என்பதற்காகவே மிச்சத்தைத் தெரிந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஏற்பாடு.

இதைச் செய்து காட்டியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே ஓரோவில்லில் உமா பிரஜாபதி 1997இல் தொடங்கிய உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தில், எந்தத் தையற்கூடத்திலும் போல, துணித் துண்டுகள் மிஞ்சிக்கொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை பக்கத்து மீனவக் கிராமங்களைச் சிதைத்தது. கணவரையும் பிள்ளையையும் வீட்டையும் இழந்து, கடலைப் பார்க்கவே பயந்திருந்த பெண்களுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அந்தத் துண்டுத் துணியைச் சுருட்டி, கட்டி, தைத்து, சுண்டுவிரல் அளவில் ஒரு பொம்மை செய்யப் பழகினார்கள். அதற்குச் 'சுனாமிகா' என்று பெயர் வந்தது. அந்தப் பொம்மையை விலைக்கு விற்பதில்லை. அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள், பெறுபவர் விரும்பியதைத் தருகிறார். இப்படியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட சுனாமிகாக்கள் உலகின் பல நாடுகளுக்குப் போய்விட்டன. சுனாமிகாவின் கதை சிறுவர் நூலாகப் பல மொழிகளில் வந்தது. வகுப்பறைகளில் பேரிடர் பற்றியும் கடல் பற்றியும் மீண்டெழுதல் பற்றியும் பிள்ளைகளுடன் பேச அது ஒரு வாசலானது.

அதே அலை வடமராட்சி கிழக்குக் கரையையும் மணற்காட்டையும் அடித்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. ஒரு சிறு தையற்கூடம் தன் குப்பைக்கூடையைத் திறந்ததால் கிராமங்கள் பலவற்றுக்கு வேலையும் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைத்தது என்பதைக் குடாநாட்டின் தையற்கூடங்கள் கவனிக்கவேண்டும்.

சென்னையின் தாரா புத்தக நிறுவனம் இன்னொரு வழியைக் கண்டது. கையால் அச்சிடும் அழகிய சிறுவர் நூல்களுக்குப் பெயர்பெற்ற இந்தச் சிறு பதிப்பகத்தில், நிறம் சரிபார்க்க அடிக்கும் தாள்கள் நிறையக் கழியும். ஒரே தாளில் யானையின் மேல் மரமும் மரத்தின் மேல் மீனும் பதிந்து கிடக்கும். அவற்றைக் கட்டிக் குறிப்புப் புத்தகங்களாக விற்கிறார்கள். ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. இலங்கையிலும் கைத்தறித் துணி நெய்யும் நிறுவனங்கள் இந்த வழியில் முன்னே போயிருக்கின்றன. 1991இல் குருநாகலில் சாண்ட்ரா வந்துராகல தொடங்கிய செலின் நிறுவனம் கைத்தறித் துணியில் பிள்ளைகளுக்கான துணிப் பொம்மைகள் செய்கிறது. பார்பரா சன்சோனி நிறுவிய கொழும்பு பெயார்ஃபுட்டின் வண்ண வண்ணத் துணி விலங்குகளைப் பார்த்தவர்கள், துணித் துண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிவார்கள்.

பொம்மை செய்து கொடுப்பது ஒரு படி. பிள்ளையே செய்து அறிவது அதற்கு மேலான படி. அந்தப் படியைப் பற்றிப் பேச அரவிந்த் குப்தாவைத் தவிர வேறு எவரை முதலில் சொல்வது? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லொறி உற்பத்தி நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பாடசாலைகளின் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். கிராமத்துச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வுக்குள் போடும் மெல்லிய றப்பர்க் குழாய். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு பக்கமும் தீக்குச்சிகளைச் செருகினால் மூட்டு ஆகிவிடுகிறது. மூன்று குச்சியைச் சேர்த்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கைச் சேர்த்தால் சதுரம், தொட்டாலே சரியும். அதற்குக் குறுக்கே மூலைக்கு மூலை எட்டும் நீளமான இன்னொரு குச்சியைப் போட்டால் சதுரமும் நிமிர்ந்து நிற்கும். பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் ஏன் முக்கோணங்கள் இருக்கின்றன என்பதை எட்டு வயதுப் பிள்ளை ஆசிரியரின் உதவி இல்லாமலே கண்டுபிடித்துவிடும். குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய நூல்களும் செய்முறைக் காணொளிகளும் தமிழ் உட்படப் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சைக்கிள் இல்லாத யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கமுடியாது; சைக்கிள் திருத்தும் கடையில் பழுதான ரியூப் துண்டும் வால்வுக் குழாயும் தினமும் கழிகின்றன.

ஆனால் தனியொரு கடை, தனியொரு ஆசிரியை என்று போனால் இது நிலைக்காது. நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை உலகுக்குக் காட்டியது இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரம். அந்த ஊரின் கதை இங்குள்ளவர்களுக்கு அந்நியமாக இராது. 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்த சில நாட்களிலேயே, பக்கத்திலுள்ள வில்லா செல்லா கிராமத்து மக்கள், ஓடிப்போன ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில், இடிந்த வீடுகளின் கல்லைக்கொண்டு பாலர் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகூசி, பிறகு அந்நகரின் பாலர் கல்வியையே உருவாக்கினார். அவர் மறைந்த பின், 1996இல் நகரசபை அங்கே 'ரெமிடா' என்ற நிலையத்தைத் திறந்தது. சுற்றுவட்டாரத் தொழிலகங்களில் உற்பத்தியின்போது மிஞ்சும் தாள், துணி, மரம், உலோகம், பிளாஸ்டிக், தோல், மட்டை எல்லாம் அங்கே வந்து சேரும். வகை பிரித்து, நிறம் பிரித்து, தட்டுகளில் கடைபோல அடுக்குவார்கள். ஆசிரியர்கள் வந்து வேண்டியதை எடுத்துப்போவார்கள். நியூயோர்க் நகரிலும் 1978 முதல் இதுபோன்ற ஒரு களஞ்சியத்தை நகர நிர்வாகமே நடத்துகிறது.

அடுக்கிவைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாக்கோடு கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் கொட்டினால் அது குப்பைதான். ஒரே நிற மட்டைத் துண்டுகள் ஒரு பெட்டியிலும், ஒரே அளவு மரக்கட்டைகள் இன்னொன்றிலும், பொத்தான்கள் போத்தலிலும் இருந்தால், பிள்ளை தானாகவே கையை நீட்டும்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. குடாநாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் உண்டு. பத்திரிகை வாசிக்கும் மேசைக்குப் பின்னால் ஒரு றாக்கை வைத்தால் அதுவே அந்த ஊரின் ரெமிடா. சனிக்கிழமை காலை திறந்து, சுற்றியுள்ள முன்பள்ளி ஆசிரியைகள் எடுத்துப்போக விட்டால் போதும். பிரித்து அடுக்கும் வேலையை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சந்தோசமாகச் செய்வார்கள். சிறுதொழில் செய்பவர் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் நடத்திய க. கனகராசா 'மில்க்வைற் செய்தி' என்ற சஞ்சிகையை வெளியிட்டார். பனம் விதை நடும் இயக்கத்தைத் தோளில் சுமந்தார். ஒரு சோப்புத் தொழிலகம் அதைச் செய்தது என்றால், ஓர் அச்சகமும் ஒரு தச்சுப்பட்டறையும் ஒரு பெட்டியை ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல.

எல்லா மிச்சமும் பிள்ளைக்கு உகந்தது அல்ல என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். கண்ணாடியிழைப் படகு கட்டும் இடத்துத் துண்டுகளைப் பிள்ளையின் கைக்கே காட்டக்கூடாது. அதன் இழை தோலிலும் நுரையீரலிலும் ஏறும். பழைய மை பூசிய கதவு, யன்னல் மரத்தில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்ப்பது ஆபத்து. தூளை அழுத்திச் செய்த பலகையின் வெட்டுத்தூளும் அப்படித்தான். தாளில் கம்பி பின் இருக்கிறதா, துணியில் ஊசி மாட்டியிருக்கிறதா என்று பார்த்தே எடுக்கவேண்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பொத்தான், மணி, வால்வுக் குழாய்த் துண்டு போன்ற சிறு பொருட்கள் வேண்டவே வேண்டாம். வாய்க்குள் போட்டால் தொண்டையில் அடைக்கும். ஒட்டுவதற்குக் கோதுமை மாவைக் காய்ச்சிய பசையே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை ஆசிரியருக்கு. பொருள் வந்ததும் கரும்பலகையில் ஒரு முயலை வரைந்து, 'எல்லோரும் இதைச் செய்யுங்கோ' என்று சொன்னால் முப்பது பிள்ளைகளும் முப்பது ஒரே முயல் செய்வார்கள். பெற்றோர் கண்காட்சியில் அது அழகாக இருக்கும். பிள்ளை படித்தது எதுவும் இராது. அரைவட்டத் துணியைப் பார்த்து ஒரு பிள்ளை தோணி என்கிறது, இன்னொன்று அப்பாச்சியின் பொக்கை வாய் என்கிறது. அந்த இரண்டையும் விட்டுப் பிடிப்பதுதான் கற்பித்தல்.

கார்த்திகை, மார்கழி மாதங்கள் அச்சகங்களுக்குக் கலண்டர் காலம். நல்ல தடித்த மட்டையும் மினுங்கும் தாளும் ஆண்டில் அதிகம் கழிவது அப்போதுதான். தை மாதம் முன்பள்ளிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அதே தை மாதத்தில் தையற்கடையில் சீருடைத் துண்டும் குவியும். முன்பள்ளி ஆசிரியைகளே, பெற்றோரே, இந்த முறை நிறத்தாள் வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு வெறும் பையோடு பக்கத்து அச்சகத்துக்குப் போய்க் கேளுங்கள். அச்சக முதலாளிமாரே, அவர்கள் வரும்வரை அந்தச் சாக்கைக் கொளுத்தவேண்டாம்.